ஒரு நூல் உள்ளே

பழைய துணியைத் துவைத்த பிறகு வெயிலில் போடக் கூடாது. பலரும் தவறு செய்வது இங்கேதான். வெயில் ஈரத்தை மட்டும் எடுப்பதில்லை, நூலையும் சேர்த்துத் தின்றுவிடும். உட்புறத்தை வெளியே திருப்பி, காற்று வருகிற நிழலில் தொங்கவிட வேண்டும். கிளிப் மாட்டுவதானால் இடுப்புத் தையலில் மாட்ட வேண்டும், தோளில் மாட்டினால் அந்த இடம் கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் நல்ல துணி இருபது வருடம் தாராளமாக வரும். என் மனைவியின் துணிகள் இருபத்தோரு வருடம் வந்தன.

ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் கிடக்கும் எட்டு உருப்படிகளும் அவளுடையவைதான். அவள் தங்கை அவற்றைப் போர்வையில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். அப்படிக் கட்டியிருக்க வேண்டாம், மடிப்பு விழும். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எனக்கும் அதுதான் வசதி. வாயால் சொன்னால் நடுவே கேள்வி வரும், வரிசை கலையும்.

என் தொழில், பிறர் தைத்த துணியைச் சரிசெய்து தருவது. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் இஸ்திரி மேசை, கதவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. லூசாக இருப்பதைப் பிடித்துத் தைப்பேன், இறுக்கமாக இருப்பதைப் பிரித்து விடுவேன், ஜிப் மாற்றுவேன். என் வாடிக்கைக்காரர்களில் ஒருவர்கூட உடம்பு பெருத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. துணி சுருங்கிவிட்டது என்பார்கள். நானும் ஆமாம், இப்போது வருகிற துணியெல்லாம் அப்படித்தான் என்பேன். இந்தத் தொழிலில் கத்தரிக்கோலுக்கு அடுத்தபடி தேவைப்படுவது இந்த ஆமாம்தான்.

நான் முழுசாகப் புதுத்துணி தைத்தது ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்கு முன் அவளுக்காக ஒன்பது உருப்படி தைத்தேன். நான்கு கவுன், இரண்டு பாவாடை, இரண்டு சட்டை, பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டு. அவள் ஐந்து பெண்களில் நான்காமவள். அவள் உடம்பில் ஏறிய ஒவ்வொரு துணியும் மூன்று அக்காக்கள் உடம்பில் ஏறி இறங்கி, முழங்கை நைந்து, நிறம் போன பிறகே அவளிடம் வந்தது. அளவு எடுக்கப் போனபோது அவளுக்கு எப்படி நிற்பது என்றே தெரியவில்லை. இதற்குமுன் யாரும் அளவெடுத்ததில்லை என்றாள். ஒன்பதும் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நீலக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே வெளியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எனக்கு முன்னாடி யாருமே போடலைல்ல?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு துணி வாங்கவில்லை. யாராவது வாங்கித் தந்தாலும் தங்கைக்குக் கொடுத்துவிடுவாள். அந்த ஒன்பதையும் மாற்றி மாற்றிப் போடுவாள், அவளே துவைப்பாள், அவளே மடிப்பாள். காலர் நைந்தால் நான் திருப்பித் தைத்துத் தருவேன். பொத்தான் போனால் அதே மாதிரிப் பொத்தான் கிடைக்கும் வரை அந்தச் சட்டை பீரோவில் காத்திருக்கும். தங்கை சும்மா இருக்க மாட்டாள். அக்காவிடம் இருந்து நமக்கு வருவது வழக்கம்தானே, எப்போது கொடுக்கப் போகிறாய் என்று வருகிறபோதெல்லாம் கேட்பாள். நான் செத்த பிறகு எடுத்துக்கோ என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

கல்யாணமாகி ஆறாவது வருடம் ஒருநாள் அவள் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு ஜிப்பை ஏற்றப் பார்த்தாள். அது முதுகு நடுவில் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள். ஏறியது. ஆனால் முகம் விழுந்துவிட்டது. யாருக்கும் நடக்கிறதுதான், முப்பது வயதைத் தாண்டினால் இடுப்பில் கொஞ்சம் சதை போடும். கவுனைக் கழற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். 

மறுநாள் அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் நான் அந்தக் கவுனை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து ஒரு நூல் வெளியே விட்டேன். தையல்காரர்கள் நூல் என்று சொல்வது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் ஒரு நூல் விட்டால் முன்னும் பின்னுமாகச் சேர்ந்து சுற்றளவில் அரை அங்குலம் கூடிவிடும். தைக்கும்போதே ஒன்பதிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். அடுத்த வாரம் அவள் அதைப் போட்டாள். ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறியது. கண்ணாடி முன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்குத் தைத்தது இன்னும் சேருகிறது என்று அன்றைக்கே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் செய்தேன். அவள் வெளியே போகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு நூலாக விட்டேன். அவளுக்குக் கடைசிவரை தெரியாது. தெருவில் பெண்கள் அவள் உடம்பை எப்படி அப்படியே வைத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். இவளும் பெரிய ரகசியத்தைச் சொல்லப்போகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, பட்டினியும் கிடையாது பயிற்சியும் கிடையாது, அது ஒரு வாகு என்பாள். நான் மெஷினில் குனிந்து சிரித்துக்கொள்வேன். அவள் தங்கை உங்களிடம் என்னை என்னவெல்லாமோ சொல்லியிருப்பாள். இந்தப் பன்னிரண்டு வருடம் அவளுக்கும் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பதினெட்டாவது வருடம் அவள் வேலைக்குப் போனாள். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போய்ப் பார்க்கிறேனே என்றாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து எந்த பிரேம் பொருந்தும் என்று சொல்வது அவள் வேலை. அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். கடைக்குள் நுழைகிறவரின் மூக்கைப் பார்த்ததும் அவள் கை தானாக ஒரு டிராயருக்குப் போகுமாம். முதலாளியம்மாவே தன் கண்ணாடியை இவளிடம் கேட்டுத்தான் மாற்றினாளாம். சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்வாள். ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். உங்களுக்குச் சதுர பிரேம் எடுப்பாக இருக்கும் என்றாள். எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் இப்படிப் போனது. ஒரு மாலை அவள் பச்சைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரெடிமேட் கடையில் வாங்கியது. கடைப்பெண்கள் எல்லாரும் சேர்ந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குப் பச்சை நிறத்தின்மேல் ஒரு வெறுப்பும் கிடையாது. அவள் கண்ணாடி முன் நின்று கையை மேலே தூக்கினாள், இறக்கினாள், கட்டிக்கொண்டாள்.

"எங்கேயுமே இறுக்கிப் பிடிக்கலைங்க. என்னை நிக்க வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தோள் தோளில் உட்கார்ந்திருந்தது. கை மணிக்கட்டு எலும்பில் வந்து நின்றது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் கோட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அவள் பேசிக்கொண்டே போனாள். இனிமேல் இந்த மாதிரி நாலைந்து வாங்கிக்கொள்ளலாம், கடையில் நிற்கிறபோது பழையதைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருக்கிறது, பீரோவில் இருப்பதை எல்லாம் எடுத்துத் தங்கைக்கே கொடுத்துவிடலாம், பாவம் எத்தனை வருடமாகக் கேட்கிறாள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். நல்லது என்றேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் பழுப்புக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனாள். புதியதை ஒரு விசேஷ நாளுக்கு என்று வைத்திருந்தாள். நான் பச்சைக் கோட்டின் லைனிங்கைக் கைப்பக்கமாகப் பிரித்து, உள்ளே திருப்பி, பக்கத் தையல் இரண்டையும் இரண்டு நூல் உள்ளே பிடித்தேன். தோளிலும் கொஞ்சம் குறைத்தேன். பிறகு லைனிங்கை மூடினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதே கையோடு சாம்பல் நிறப் பாவாடையின் இடுப்பையும் ஒரு நூல் பிடித்தேன்.

சனிக்கிழமை அவள் பச்சைக் கோட்டை எடுத்துப் போட்டாள். பொத்தான் சேரவில்லை. ரெடிமேட் அப்படித்தான், காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும் என்றேன். அவளும் தலையாட்டினாள். பிறகு சாம்பல் பாவாடையைக் கட்டினாள். கொக்கி மாட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவள் முகம் மாறியது. புதுக் கோட்டு சுருங்கலாம். பத்தொன்பது வருடம் கட்டிய பாவாடை திடீரென்று சுருங்காது. அவளாகத்தான் அந்த முடிவுக்கு வந்தாள். நீ பருத்துவிட்டாய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததே இல்லை. இது பதிவாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். பச்சைக் கோட்டு அவளோடு போனது. அவள் குச்சி உடம்புக்காரி, அவளுக்குச் சரியாக இருந்தது. பழைய ஒன்பதும் பீரோவிலேயே இருந்தன.

அடுத்த சில மாதம் நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு நூலாக நான் கொடுத்ததை ஒவ்வொரு நூலாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவள் காலையில் வேலைக்குப் போனதும் பீரோவைத் திறப்பேன். ஏதாவது ஒன்றை எடுப்பேன். வாடிக்கைக்காரர் வேலை காத்திருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அவசரமே படவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடித்தால் சந்தேகம் வரும் என்பதால் அல்ல. அவசரமாகச் செய்தால் வேலை சுத்தமாக வராது.

அவள் முதலில் இராச்சாப்பாட்டை விட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தருக்கு மட்டும் சமைப்பதில் எவ்வளவு வேலை மிச்சம் பாருங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வாள். நான் நன்றாகவே சாப்பிட்டேன். பிறகு காலைச் சாப்பாடு நின்றது. மதியத்துக்கு என்று டப்பாவில் எடுத்துப் போவதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். சாயங்காலம் அதை நான் சாப்பிடுவேன், வீணாக்க வேண்டாம் என்று.

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் எடை பார்க்கிற மெஷின் இருந்தது. ஒருநாள் அதில் ஏறிப் பார்த்திருக்கிறாள். எடை குறைந்திருப்பதாகக் காட்டியதாம். வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டாள்.

"மெஷின் கொறைஞ்சிருக்குன்னு காட்டுது. துணி மட்டும் ஏங்க இறுக்குது?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்த பிறகு சொன்னேன். "அந்த மெஷின்ல தெருவே ஏறி இறங்குது. இந்தத் துணி உனக்குன்னே தைச்சது. நீ எதை நம்புவ?"

 அந்த மெஷின் பழசுதான், முள் ஆடிக்கொண்டே இருந்தது என்றாள். அதற்குப் பிறகு அவள் எடை பார்க்கவில்லை.

நான் கொடுத்தது எல்லாம் எப்போது திரும்பி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். பாவாடைகள் இரண்டும் முதலில் பழைய அளவுக்கு வந்தன. கடைசியாகக் கோட்டு வந்தது. அன்று அவள் அதைப் போட்டபோது அளவெடுக்க நின்ற அந்தப் பெண் மாதிரியே இருந்தாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள், அவள் தங்கையும் கேட்டாள். பதில் சுலபமானது. நிறுத்தினால் துணி லூசாகிவிடும். அவள் சாப்பிடுவதை ஏற்கெனவே விட்டுவிட்டாள், உடம்பு தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. லூசானால் அவளுக்குத் தெம்பு வரும். தெம்பு வந்தால் மறுபடி ரெடிமேட் கடைக்குப் போவாள். அதனால் உடம்பு ஒரு நூல் இறங்கினால் நானும் ஒரு நூல் இறங்க வேண்டியிருந்தது. வேலை என்று ஒன்றைத் தொடங்கினால் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். கைவேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடையில் ஒருநாள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். முதலாளியம்மாவே ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். நான் போனபோது டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தமே இல்லை, எலும்பும் தோலுமாக இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று என்னைக் கேட்டார். அதற்குள் இவள், உடம்பு ஊதிக்கொண்டே போகிறது டாக்டர், அதற்கு மருந்து கொடுங்கள் என்றாள். டாக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வரும்போது என்னைத் தனியாக அழைத்து, எப்படியாவது சாப்பிட வையுங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார் என்றார். சரி என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரம் வெள்ளைச் சட்டையைப் பிடித்தேன்.

அதற்கு மேல் அவளால் நின்று வேலை பார்க்க முடியவில்லை. பெருத்துப்போய் நாலு பேர் முன்னால் நிற்க வெட்கமாகவும் இருக்கிறது என்றாள். வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை.

பிறகு வந்த ஏழு மாதம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வேன். காலையில் என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பொத்தான் தைத்துத் தருவாள், பிரித்த நூலைப் பொறுக்குவாள். அவளுக்கு எப்போதும் குளிர் எடுக்கும், வீட்டுக்குள்ளேயே பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பாள். விரல் நகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும், அதைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் வைப்பாள். நிறையப் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். மெஷின் ஓடும், நிற்கும். துணி பிடிப்பதற்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டேன், அவள் வீட்டிலேயே இருந்ததால். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் செய்தேன். அதனால் கடைசி மாதங்களில் பழைய தையலைப் பிரிக்க நேரமில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு அதற்கு உள்ளே இன்னொரு தையல் ஓட்டினேன். நீங்கள் உட்புறத்தில் பார்த்த வரிசை வரிசையான தையல் அப்படி வந்ததுதான். சுத்தமான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

தங்கை வரும்போதெல்லாம் சண்டை போடுவாள். கண்ணாடியைப் பார்க்கிறாயா இல்லையா என்று அக்காவைக் கேட்பாள். இவள் சிரித்துக்கொண்டே, கண்ணாடியில் எனக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரிகிறது என்பாள். ஒருநாள் தங்கை என்னிடம் நேராகவே வந்துவிட்டாள்.

"அத்தான், அக்காவுக்கு என்ன ஆச்சு? நீங்க பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவள் கேட்டாள், எனக்கு அளவெடுத்துச் சொல்லுங்கள் என்று. துணியை வைத்து ஊகிப்பதைவிட எண்ணைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைத்திருப்பாள். கடைக்கதவைச் சாத்தினேன். கோட்டைக் கழற்றிவிட்டு உள்பாவாடையோடு கைகளை விலக்கிக்கொண்டு நின்றாள். இப்போது எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தேன். டேப்புக்கு அடியில் என் விரலில் எலும்பு இடறியது. முதுகுத்தண்டின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கல்யாணத்தின்போது இருபத்தேழு இருந்த இடுப்பு இருபத்தொன்றில் வந்து நின்றது.

"முப்பது" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டேப்பை வாங்கிப் பார்க்கவும் இல்லை. கைகளைக் கீழே விட்டாள்.

"சரிங்க. இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கிறேன்" என்றாள்.

டேப்பைச் சுருட்டி டிராயரில் வைத்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய ஒரு பேன்ட் இருந்தது, அதை எடுத்தேன்.

அவள் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது, உடம்பில் சத்தே இல்லாமல் போனால் அப்படி ஆகும் என்றார்கள். டயட் என்று எதையும் சாப்பிடுவதில்லை, எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். முன்பு பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பதினோராம் நாள் தங்கை வந்து பீரோவைத் திறந்தாள். அக்கா தருவதாகச் சொன்னதுதான், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அந்தப் பதினோரு நாளில் எட்டையும் பிரித்துப் பழைய அளவுக்கு விட்டிருக்கலாம், ஒரு முழுநாள் வேலைகூட இல்லை. ஒரு தடவை பிளேடை எடுத்துக்கொண்டு பீரோ முன் போய் நின்றேன். முடிந்த வேலையில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது, பிளேடை வைத்துவிட்டேன். தங்கை தன் வீட்டுக்குப் போய்ச் சாம்பல் பாவாடையைக் கட்டிப் பார்த்திருக்கிறாள். அக்காவைவிட நாம் ஒல்லி என்றே நினைத்து வளர்ந்தவள். கொக்கிக்கும் துளைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்ததாம். பிறகு உட்புறத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதுவரை எழுதியது எல்லாம் உங்கள் மேசைமேல் இருக்கும் எட்டு உருப்படிகளைப் பார்த்து நீங்களே புரிந்துகொண்டதுதான். ஒன்பதாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நீலக் கவுன் ஆஸ்பத்திரியில் அவள் உடம்போடு இருந்தது, அவளோடு போய்விட்டது. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரிசை முழுசாக இருக்க வேண்டும்.

அன்று தங்கை மதியம் வருவதாக இருந்தது. அதற்காக அவள் நீலக் கவுனை எடுத்துப் போட்டாள். முந்தைய நாள்தான் நான் அதைப் பிடித்திருந்தேன். பத்து மணி இருக்கும். உள்ளறையில் விழுகிற சத்தம் கேட்டது, பெரிய சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். ஜிப் முதுகு நடுவில் நின்றிருந்தது, ஒரு கை இன்னும் பின்னால் வளைந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. சின்னதாக, விட்டு விட்டு வந்தது.

எதிர்வீட்டில் போன் இருக்கிறது, ஆம்புலன்ஸ் கால் மணி நேரத்தில் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் துணியைத்தான் பார்ப்பார்கள். அவள் விலாவில் தையல் பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. இவ்வளவு மெலிந்த உடம்பில் இவ்வளவு இறுக்கமான கவுன் ஏன் என்று யாராவது கேட்பார்கள். அதனால் கவுனை மெல்லக் கழற்றினேன். அவளைப் போர்வையால் போர்த்தினேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடேறப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் மூன்று மூன்று வரிசை. பிளேடு வழுக்கினால் துணி கிழிந்துவிடும், அதனால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். நூல் துணுக்குகளைப் பொறுக்கினேன். ஊசித்துளை தெரியாமலிருக்க ஈரத்துணியைப் போட்டு இஸ்திரி தேய்த்தேன். துணி சூடு ஆறும்வரை காத்திருந்தேன், தோலில் பட்டால் சுடும் என்று. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்போது விழுந்தார் என்று கேட்டார்கள். இப்போதுதான் என்றேன்.

கவுனை அவளுக்குப் போட்டுவிட்டு முதுகில் ஜிப்பை ஏற்றினேன். எங்கேயும் நிற்காமல் மேலே வரை போனது. அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். கையால் இடுப்புப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இப்போ சரியா இருக்குங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கண் மூடியிருந்தாள், மறுபடி திறக்கவில்லை.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இருபத்தோரு வருடத்தில் என் வேலையை அவள் ஒப்புக்குப் பாராட்டியதே இல்லை. சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடைசியாக அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். என்மேல் அவளுக்கு ஏதாவது குறை இருந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பாள்.